ஓதம் பாய்ச்சிய வயல்கள்: மாக்கின்டாஷ் ஜில்லாவின் சரித்திரம்

தோட்டம் என்றதும் ரப்பரையும் செம்பனையையும் நினைக்கும் நம்மவர்க்கு, நெல்லையே தோட்டப் பயிராக்கிய ஒரு ஜில்லாவின் சரித்திரம் வியப்பளிக்கக் கூடும். அமெரிக்காவின் தென்கிழக்கே, ஜார்ஜியா மாகாணத்தில், அட்லாண்டிக் கடலை நோக்கியிருக்கிறது மாக்கின்டாஷ் ஜில்லா. சதுப்பும் உப்பங்கழியும் கடலோரத் தீவுகளும் நிறைந்த பூமி. 1793-ல் தனி ஜில்லாவாயிற்று. அதன் தென்புறத்தில் ஆல்டமஹா என்னும் ஆறு பல கிளைகளாய்ப் பிரிந்து கடலிற் கலக்கிறது.

கடலில் ஓதம் ஏறுங்கால் ஆற்றுநீர் பின்தள்ளப்பட்டு உயரும். உப்பு எட்டாது ஓதம் மட்டும் எட்டும் இடம் பார்த்துக் கரை கட்டி மதகு வைத்தால், ஏறுங்கால் நன்னீரை வயலுள் விடலாம். இறங்குங்கால் வடித்து விடலாம். கமலை வேண்டா, மழையை நோக்கவும் வேண்டா. வேண்டியதெல்லாம் சேற்றில் நின்று கரை போடவும் கால்வாய் வெட்டவும் ஆட்களே.

ஜில்லாவின் தலைநகரான டேரியனை 1736-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டார் நிறுவினர். அப்பொழுது ஜார்ஜியாவில் அடிமை வைத்தல் சட்டவிரோதம். தடையை நீக்கக் கோரிப் பிறர் மனுச் செய்தபோது, டேரியன்வாசிகள் 18 பேர் 1739-ல் எதிர்மனு அனுப்பினர். ஓரினத்தாரையும் அவர்தம் சந்ததியாரையும் என்றென்றும் அடிமையாக்குவது மனித இயல்புக்கே ஒவ்வாதென்று வாதித்தனர். ஆயினும் 1751-ல் தடை நீங்கிற்று. வயல்கள் பெருகின, மனுவில் கையொப்பமிட்டோரின் ஊரே அடிமை உழைப்பால் கொழுத்தது. இலாபம் எதிர்நிற்கையில் மனுக்கள் மறக்கப்படுவது உலகில் புதிதன்று.

டேரியனுக்கருகே பட்லர் தீவு என்னும் பெருந்தோட்டம். அதன் உடைமையாளரான பியர்ஸ் பட்லரின் மனைவி ஃபேனி கெம்பிள், ஆங்கில நாட்டு நடிகை. 1838-39 குளிர்காலத்தில் அங்கே தங்கிக் கண்டதை நாட்குறிப்பாய் எழுதினார். அது 1863-ல் அச்சேறிற்று. இக்கரையோரத் தோட்டங்களில் அடிமைகளை முழு ஆள், முக்கால் ஆள், அரை ஆள், கால் ஆள் என்று மதித்து, அதற்கேற்ப அன்றாட வேலையை அளந்து விட்டனர். கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இவ்விடத்தில் சற்றே தயங்கி நின்றோம். ஆளை எண்ணாக்கும் வித்தையை நமது செக்ரோலும் அறியும். எனினும் இரண்டும் ஒன்றெனக் கூறத் துணியோம். அந்தப் பேரேட்டில் மனிதனே சரக்கு. 1859 மார்ச் 2, 3 தேதிகளில், பட்லரின் கடன் தீர்க்க, 400-க்கு மேற்பட்ட ஆண் பெண் குழந்தைகள் சவன்னா நகரின் குதிரைப் பந்தயத் திடலில் ஏலம் விடப்பட்டனர். கிடைத்த தொகை 303,850 டாலர். இரு நாளும் மழை கொட்டிற்று. அந்நாட்களுக்கு 'அழுகைக் காலம்' என்றே பெயர் நிலைத்தது.

உள்நாட்டுப் போர் வந்தது. 1863-ல் டேரியன் தீக்கிரையாயிற்று. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் விடுதலை பெற்றோர்க்கு ஒதுக்கினார். அவ்வாண்டு முடியுமுன்னரே ஜனாதிபதி ஜான்சன் அதைப் பழைய உடைமையாளருக்கே திருப்பினார். ஆப்பிரிக்க வமிசத்துப் போதகரான டூனிஸ் கேம்பல், விடுதலை பெற்றோரை இந்த ஜில்லாவில் குடியேற்றி, 1868-ல் மாகாண செனட்டுக்கும் தேர்வானார். 1876-ல் அவரையே சிறையிலிட்டுக் கைதிக்கூலியாய் வாடகைக்கு விட்டனர்.

ஹாரிஸ் நெக் என்னும் பகுதியில் ஆப்பிரிக்க வமிசத்தார் சிலர் நிலம் பெற்றுத் தலைமுறைகளாய் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். 1942-ல் யுத்த விமானத் திடலுக்கென்று சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. 1962-ல் அது பறவைகளின் சரணாலயமாயிற்று. 1979-ல் அக்குடும்பத்தார் அங்கே கூடாரமடித்து நிலத்தைக் கேட்டனர். வெளியேற மறுத்த சிலர் சிறை சென்றனர்.