எங்க ஆளு யாரு தெரியுமா?

போன வாரம் வீட்டு வாசலில் என் பையன் பக்கத்து வீட்டுப் பையனிடம் சவடால் விட்டுக்கொண்டிருந்தான். "எங்க அப்பா யாரு தெரியுமா?" என்பதன் ஆங்கிலப் பதிப்பு. (அது அவன் அப்பாவுக்கே இன்னும் சரியாகத் தெரியாது என்பது வேறு விஷயம் :-)) அவ்வளவுதான், கொசுவர்த்திச் சுருள் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம், செம்பூர். கிரிக்கெட்டில் சண்டை வந்தால் எதிர் டீம் பையன்கள் "யண்டு குண்டு" என்று நம் பாஷையைக் கிண்டல் செய்வார்கள். ஒருத்தன் "லுங்கிவாலா" என்பான். எங்களிடம் இருந்தது ஒரே ஆயுதம். "எங்க ஆளு யாரு தெரியுமா? வரதா பாய்!" பாதித் தமிழ், பாதி இந்தியில் சொல்வோம். எதிராளி ஓரடி பின்னால் போவான்.

அந்த லுங்கிக் கிண்டலுக்கு எங்களைவிட வயசு அதிகம். 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், பம்பாய் ஆபீஸ்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966-இல் சிவசேனா பிறந்தது. "பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி" தெருவுக்கு வந்தது. உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின. எங்கள் அப்பா வீட்டுக்குள் வேட்டி கட்டுவார், படியிறங்கினால் பேண்ட்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

வரதா பாய் என்கிற வரதராஜ முதலியார் விடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்து, கள்ளச்சாராயத்தில் பெரிய ஆளானவர். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே அவர் வைத்த பிள்ளையார் பந்தலுக்கு ஊரே திரண்டது. பிறகு போலீஸ் நெருக்கியதும் சென்னைக்குப் போய், 1988-இல் அங்கேயே காலமானார்.

ஒருநாள் என் சவடால் அப்பா காதில் விழுந்துவிட்டது. அடிக்கவில்லை. "ஏலே, அந்த ஆளை உனக்குத் தெரியும். அவருக்கு உன்னைத் தெரியுமால? அந்தச் சாராயத்தைக் குடிச்சுச் சீரழியறவன் எவன்? நம்ம ஆளுதான். எவனும் கேட்டா உன் பேரைச் சொல்லு, போதும்."

எங்களுக்கென்று ஒருத்தரும் இல்லாததால்தான் ஒரு பெயரைக் கடன் வாங்கியிருக்கிறோம் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

அந்தச் சவடாலைச் சினிமாவும் விடவில்லை. அவர் கதையை ஒட்டி 1987-இல் மணிரத்னத்தின் 'நாயகன்' வந்தது. அதில் பேரன், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று கேட்க, அவருக்கே பதில் தெரியவில்லை. 1995-இல் 'பாட்ஷா' அதைத் தலைகீழாக்கியது. பம்பாயில் தான் யார் என்பதை மறைத்துத்தான் ரஜினி சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறார். 2018-இல் ரஞ்சித்தின் 'காலா'வில் கேள்வி "எங்க ஆளு யாரு" என்பதைத் தாண்டி "தாராவி மண் யாருடையது" என்று வளர்ந்தது. நடுவில் 2013-இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் ஷாருக் கானே லுங்கியை மடித்துக் கட்டி ஆடினார். லுங்கியை விரட்டச் சொன்ன ஊர் கல்யாணங்களில் அந்தப் பாட்டுக்குக் குதித்தது! அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பையனைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா, அவன் அப்பா யாருன்னு நீ கேட்டியா?"

"கேக்கலைப்பா."

"போய்க் கேளு."