பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை

1949 டிசம்பரில் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, தன் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய 74 வருடம் எடுத்தது. அதுவரை மூத்தவர்கள் கூடிப் பேசி ஒரு பெயருக்கு உடன்படுவார்கள். மாநாடு அதை ஏற்றுக்கொள்ளும்.

2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் அந்த வழக்கம் மாறியது. தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட மூவரில் யோகேஸ்வரன் விலகிக்கொள்ள, பொதுச்சபை இருவருக்கிடையில் வாக்களித்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. தெளிவான பெரும்பான்மை. கட்சிக்கு அது பெருமைக்குரிய நாள்தான். ஆனால் ஒரு கிழமைக்குள் பொதுச்செயலாளர் தெரிவில் பிணக்கு எழுந்து மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் நீதிமன்றம் மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்த ஆண்டே ஜனாதிபதித் தேர்தலும் வந்தது. தமிழ்க் கட்சிகள் சிலவும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து, தமிழரசுக் கட்சிக்காரரான மட்டக்களப்பின் அரியநேத்திரனைப் பொது வேட்பாளராக அறிவித்தன. சின்னம் சங்கு. செப்டம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசின் மத்திய செயற்குழுவோ இன்னொரு வேட்பாளரான சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவெடுத்தது. சிறீதரன் சங்கின் பக்கம் நின்றார்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சஜித்துக்கு 1,21,177 வாக்கு, அரியநேத்திரனுக்கு 1,16,688. முந்தியவர் பெற்றதும் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஒரே கட்சி இரண்டாய்ப் பிரிந்து நின்றதை வாக்குப் பெட்டி அப்படியே காட்டிக் கொடுத்தது.

எவரும் பாதியைத் தாண்டாதது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1982இல் நாட்டின் முதல் ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நிற்க, தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் இந்த மாவட்டத்தில் 87,263 வாக்குகளுடன் முன்னுக்கு வந்தார். அது 40 வீதம். அடுத்து வந்த கொப்பேகடுவவுக்கு 77,300. அன்றும் பாதியைத் தாண்டியவர் இல்லை.

பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதில்தான் விசயம் இருக்கிறது. 1924இல் நியூயோர்க்கில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி. முன்னணிப் போட்டியாளர்களான மக்கடூவும் ஸ்மித்தும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் ஓய்ந்த பிறகு, 103ஆவது சுற்றில் ஜோன் டேவிஸ் தெரிவானார். களைத்துப்போனார்கள்; ஆனாலும் தங்கள் விதிப்படியே, அந்த மண்டபத்துக்குள்ளேயே முடித்தார்கள். இலங்கைச் சட்டத்திலும் அப்படி ஒரு வழி உண்டு: விருப்பு வாக்கு. 2024இல் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால் அதை முதன்முறையாக எண்ணினார்கள். அனுர குமார திசாநாயக்க அப்படித்தான் ஜனாதிபதியானார்.

தமிழ்ப் பொது வேட்பாளருக்கோ அப்படி ஒரு விதி இல்லை. யார் வாக்களிப்பது, எத்தனை வாக்கு போதும், தோற்ற அணி என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த பெயரைத் தேடுமுன், கட்சிக்காரர்களே, இந்த மூன்றையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.