ஆங்கில இணைப்பிடைச்சொற்கள்: போட்டித் தேர்வு நோக்கில்

சொல்லோடு சொல்லையும் வாக்கியத்தோடு வாக்கியத்தையும் பிணைத்து, அவற்றிடையே உள்ள சம்பந்தம் இன்னதென்று காட்டும் ஆங்கிலச் சொற்கள் 'கன்ஜங்ஷன்' எனப்படும். தமிழில் இவற்றை இணைப்பிடைச்சொல் என்பது வழக்கம். 'அண்டு', 'பட்', 'ஆர்' முதலியன சமநிலையில் உள்ளவற்றை இணைப்பவை. 'ஆல்தோ', 'பிகாஸ்', 'அன்லெஸ்' முதலியன ஒரு வாக்கியத்தை மற்றொன்றுக்குச் சார்பாக்குபவை. 'ஐதர் – ஆர்', 'நோ சூனர் – தேன்' முதலியன ஜோடியாகவே பிரயோகிக்கப்படுபவை. உருவத்தில் சிறிய இச்சொற்கள், உத்தியோகத்துக்கான பரீட்சைகளில், பிழை கண்டுபிடித்தல், கோடிட்ட இடத்தை நிரப்புதல், வாக்கியங்களை ஒன்றாக்குதல் என்று பல வேஷங்களில் வந்து அபேட்சகர்களைச் சோதிக்கின்றன.

சென்னை நகரில் இச்சோதனையின் பொருட்டு இளைஞர்கள் வந்து தங்கும் இடங்களுள் திருவல்லிக்கேணி நெடுங்காலமாகப் பேர்பெற்றது. வெளியூர்ப் பட்டதாரிகள் மாத வாடகைக்குக் குடியிருக்கும் 'மேன்ஷன்'களும், பாரதி சாலையாகப் பெயர் மாறிய பைகிராப்ட்ஸ் சாலையின் பழைய புத்தகக் கடைகளும், 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் அண்மையும் சேர்ந்து இப்பேட்டைக்குப் படிப்பாளிகளின் வாசனையை அளித்திருக்கின்றன. ஆங்கிலத்தோடு இதற்குள்ள உறவோ இன்னும் பழமையானது. 1878-இல் 'தி ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கிய ஆறு இளைஞர்கள் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆங்கில வாக்கு வன்மையால் 'வெள்ளி நாவினர்' எனப் புகழப்பட்ட வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமையால் உதவித்தொகையை இழந்த கணிதமேதை ராமானுஜன் பின்னாளில் குடியிருந்ததும் இந்தப் பேட்டையில்தான் என்பதை, ஒரு தாளில் தவறிய காரணத்தால் தம்மைக் குறைவாக எண்ணிக்கொள்ளும் இளைஞர் அறிந்திருப்பது நல்லது.

தமிழர் இச்சொற்களில் இடறுவதற்குக் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. இரு மொழிகளின் கட்டமைப்பே வேறு. 'மணி அடித்ததும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, மழை பெய்தாலும் பரவாயில்லையென்று வெளியே ஓடினான்' என்னும் வாக்கியத்தில் செயல்கள் பல. ஆயினும் அவன் செய்தவற்றுள் முற்றுவினையாக நிற்பது 'ஓடினான்' ஒன்றே. ஏனையவை எச்சங்களாகவும், 'உம்' போன்ற விகுதிகளை ஏற்ற வடிவங்களாகவும் நின்று, தனிச்சொல் எதையும் வேண்டாமல் தாமே கோத்துக்கொள்கின்றன. அந்த 'உம்' ஒன்றுக்கே தொல்காப்பியம் எட்டுப் பொருள் வகுத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு சார்பு வாக்கியமும் பெரும்பாலும் தனக்கென ஒரு முற்றுவினையுடன் நிற்பதால், அவற்றைப் பூட்டுவதற்கு வெளியிலிருந்து ஒரு கொக்கி தேவைப்படுகிறது. முற்றுவினை இரண்டாயின் கொக்கி ஒன்று, மூன்றாயின் இரண்டு. 'ஹூ', 'விச்' போன்ற சொற்களும் கொக்கியாகவே எண்ணப்படும்; ஜோடிச் சொற்கள் ஒரே கொக்கியாகக் கொள்ளப்படும்; 'தட்' சில இடங்களில் தொக்கு நிற்கும். இந்தக் கணக்கைக் கைக்கொண்டவருக்கு மனப்பாடம் செய்யவேண்டிய விதிகள் பாதியாகக் குறைந்துவிடும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே 'பட்' என்று எழுதும் பிழையை எடுத்துக்கொள்வோம். 'மழை பெய்தாலும் அவன் வந்தான்' என்னும்போது இணைப்பு இரண்டு பகுதிகளின் சந்தியிலேயே அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலைக்கு ஏறிவிட, சந்தியில் ஒரு காற்புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. அங்கே ஒரு சொல்லை எதிர்பார்த்துப் பழகிய தமிழ் மனம், வெறுமையைப் பொறுக்காமல் 'பட்' என்பதைக் கொண்டுவந்து நிரப்புகிறது. முற்றுவினை இரண்டு, கொக்கியும் இரண்டு. ஆகவே ஒன்று மிகை. இதே நோய்தான் 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' என்று எழுதுவதும்.

'அன்லெஸ்' விஷயம் சற்று வேறானது. 'நீ படிக்காவிட்டால்' என்பதில் எதிர்மறை கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, 'அன்லெஸ்' என்னும் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருப்பதை மறந்து, மேலும் ஒரு 'நாட்' சேர்த்துவிடுகிறோம். 'வராத வரையில்' என்று சொல்லிப் பழகியவர் 'அன்டில்' என்பதோடு 'நாட்' சேர்ப்பதும், 'விழுந்துவிடாதபடி' என்பதற்குரிய 'லெஸ்ட்' என்பதோடு 'நாட்' சேர்ப்பதும் இவ்வகையினவே. 'லெஸ்ட்' என்பதற்குப் பின் 'ஷுட்' வரும், அல்லது வினையின் மூலவடிவம் வரும். பரீட்சைகள் பெரும்பாலும் முன்னதையே எதிர்பார்க்கின்றன.

வினாத்தாள்களுக்கு மிகவும் உகந்த ஜோடி 'நோ சூனர் – தேன்'. இதனுடன் 'வென்' சேர்த்து எழுதிப் பிழைபடுவோர் அநேகர். வழிகாட்டி நூல்கள் ஜோடியை மந்திரம்போல் உருப்போடச் சொல்லுகின்றனவே ஒழிய, காரணம் கூறுவது அரிது. காரணமோ மிக எளியது. 'சூனர்' என்பது 'சூன்' என்பதன் ஒப்பீட்டு வடிவம். 'பெட்டர்' என்பதற்குப் பின் 'தேன்' வருவது எங்ஙனமோ அங்ஙனமே இதற்கும் வருகிறது. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' என்பவற்றில் ஒப்பீடு இல்லாமையால் அவற்றுக்கு 'வென்' உரியது. 'மணி அடித்ததுதான் தாமதம், பிள்ளைகள் ஓடினார்கள்' என்று நாம் சொல்வதன் பாவம் முன்னதற்கும், 'மணி அடித்ததும் அடிக்காததுமாக' என்பதன் பாவம் பின்னதற்கும் ஏறத்தாழப் பொருந்தும். எதிர்மறைச் சாயலுடைய இச்சொற்கள் முதலில் நின்றால், 'ஹேட்' போன்ற துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

எண் இயைபு பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை: 'ஐதர் – ஆர்', 'நைதர் – நார்' ஆகியவற்றில் வினை தனக்கு அண்மையிலுள்ள எழுவாயைப் பின்பற்றும், 'ஆஸ் வெல் ஆஸ்' என்பதில் முதல் எழுவாயைப் பின்பற்றும். 'நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ' என்னும் ஜோடி, பெயருக்கு முன் ஒன்றும் வினைக்கு முன் மற்றொன்றுமாக நில்லாமல், இரண்டும் ஒரே இனச் சொல்லுக்கு முன் நிற்கவேண்டும்.

மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலை முதற்கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள். தவறான விடை ஒன்றுக்கு அரை மதிப்பெண் கழிக்கப்படும். தமிழக அரசின் 2021 டிசம்பர் ஆணைக்குப் பின் நான்காம் தொகுதித் தேர்வில் பொது ஆங்கிலம் நீங்கித் தமிழே நிலைபெற்றது. தாய்மொழிக்குரிய அவ்விடம் கிடைத்தது மகிழத்தக்கதே. எனினும் வங்கிப் பணிகளையும் மத்திய அரசுப் பணிகளையும் நாடுவோர்க்கு ஆங்கிலத் தாள் இன்றும் வாயிற்படியில் நிற்கிறது.

பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலைப் பழைய பிரதியாக வாங்கிப் பிரித்தால், இணைப்பிடைச்சொல் பயிற்சிப் பக்கத்தில் முன்னவர் ஒருவர் பென்சிலால் நிரப்பிய விடைகள் மங்கலாகத் தெரிவதுண்டு. அவற்றுள் சில பிழையாகவும் இருக்கும். அன்பர்கள் அவற்றை ரப்பரால் அழித்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினைகளின் கீழ்க் கோடிட்டு எண்ணி, அதன் பின்னரே தங்கள் விடையை எழுதத் தொடங்குவார்களாக.