தராசைப் பற்றிப் பேசும் கல்

பதுளைப் பொது நூலக வளவில் ஒரு கல்தூண் நிற்கிறது. எட்டடிக்கு மேல் உயரம். நான்கு முகத்திலும் நெருக்கமாக எழுத்து. ஹாலிஎல கடைவீதியில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் அங்கே போய் நிற்கலாம். பள்ளிக்கூடத்தில் ‘பதுளைத் தூண் கல்வெட்டு’ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். அது பதுளையில் பிறந்த கல் அல்ல என்பது வளர்ந்த பிறகுதான் மனதில் ஏறியது.

அதன் சொந்த ஊர் மலைக்குக் கீழே, மகியங்கனைப் பக்கம், சொரபொர வாவியை அண்டிய இடம். 10ஆம் நூற்றாண்டில் அங்கே ஹோபிட்டிகம என்றொரு சந்தை ஊர் இருந்தது. உதய மன்னன் மகியங்கனை விகாரைக்கு வந்த சமயத்தில், அந்தச் சந்தையின் வியாபாரிகளும் குடியானவர்களும் அவன் முன்னால் போய் நின்றார்கள். முன்பு போட்ட சட்டங்களை அதிகாரிகள் மீறுகிறார்கள், வாங்கக் கூடாததை வாங்குகிறார்கள் என்று முறையிட்டார்கள். மன்னன் கேட்டான். விதிகள் எழுதப்பட்டன. அந்த விதிகளைச் சுமந்துகொண்டு சந்தையில் நிற்கத்தான் இந்தக் கல் செதுக்கப்பட்டது.

கல்வெட்டு என்றால் போரும் வெற்றியும் தானமும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கல்லிலோ சந்தை இரைகிறது. ஊர் வழியாகக் கடந்து போகும் சரக்குக்கு வரி இல்லை, அங்கே விற்ற சரக்குக்குத்தான் வரி. மறைத்துக் கொண்டுவந்தால் இரட்டிப்பு. வெற்றிலையும் பாக்கும் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் விற்க வேண்டும். போயா நாளில் கடை திறக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத படியாலும் எடையாலும் அளக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் புத்தகத்தில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மத்தியானமும் பின்னேரமும் மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்பார். நானும் சின்ன வயதில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் துள்ளும். அது அடங்கி நிற்பதற்குள்ளேயே கணக்கு கொப்பிக்குள் போய்விடும். அதிலும் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று இரண்டு மூன்று கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். பதினெட்டு கிலோ எட்டினால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். கழித்த அந்த இரண்டு கிலோவில் எங்கள் வீட்டுச் சீனியும் மாவும் இருந்தன. அம்மா அங்கே ஒரு வார்த்தையும் பேசமாட்டார். லயத்துக்கு வந்து படங்குச் சாக்கை அவிழ்க்கும்போது மட்டும், “கை பொய் சொல்லாது தம்பி, தராசு சொல்லும்” என்பார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு சந்தையிலும் யாரோ அப்படி உள்ளுக்குள் கொதித்திருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்தார்கள், அதனால் இந்தக் கல் நமக்குக் கிடைத்தது.

சந்தை போனது, ஊர் போனது. கல் மட்டும் கிடந்தது. 1857இல் பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த ஜோன் பெய்லியின் கண்ணில் அது பட்டது. பிறகு மகாவலிச் சமவெளியை விட்டு மலையேறியது. மகியங்கனையிலிருந்து பதுளைக்கு வரும் பாதை இன்றைக்கும் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம்தான். அவ்வளவு பாரமான கல்லைத் தூக்கி வந்த தோள்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் செனரத் பரணவிதான எழுத்து எழுத்தாக வாசித்துப் பதிப்பித்த பிறகே கல் மறுபடி பேசத் தொடங்கியது.

எங்கள் ஊரான ஹாலிஎலயிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கும் போகொட மரப்பாலத்தையும் நான் இந்தக் கல்லோடு சேர்த்துத்தான் நினைப்பேன். ஓட்டுக்கூரை போட்டு, இரும்பாணி இல்லாமல் மரமுளைகளால் இறுக்கிய பாலம். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதையில் இருக்கிறது. கல் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியதுதான். ஆனாலும் அதன் பலகையில் கால் வைக்கும்போது பொதியோடு நடந்த மனிதர்கள் கண்ணுக்குள் வருவார்கள். ஊவாவைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ரயில் பதுளைக்கு வந்ததே 1924இல்தான். அதற்கு முன்னால் இந்த மலைகளுக்கு இருந்த நீண்ட வாழ்க்கையையும் அவர்கள் பார்க்க வேண்டும். கல்லில் உள்ள விதிகள் முழுவதும் நல்ல தமிழில் எங்கள் தோட்டப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும் என்பதும் என் ஆசை. பரீட்சைக்கு வரும் நாலு வரி போதாது.

போன வருஷம் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வெயில் இறங்கிய நேரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார். கோயில் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த விரலால் எழுத்துகளைத் தடவினார்.

“தராசைப் பத்தி எந்த எடத்துல இருக்கு?”

எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. நாலு பக்கமும் சுற்றி வந்து, தெரியாதும்மா என்றேன். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “முன்னாடியே ஒரு சட்டம் இருந்துச்சுன்னியே, அதைக் கேக்காதவனுங்க இதை மட்டும் கேட்டானுங்களா?” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நகரம் தாண்டியதும் என் கையைத் தட்டி, “அந்த எடை சங்கதியை இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். ஹாலிஎல வருவதற்குள் அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.