சந்தனக்காடு (தொலைக்காட்சித் தொடர்)

சந்தனக்காடு, மக்கள் தொலைக்காட்சியில் 2007 முதல் ஒளிபரப்பான தமிழ்த் தொடர். சந்தனக் கடத்தல் வீரப்பனின் வாழ்க்கையையும் அவர் குழுவைத் தேடிய வேட்டையையும் சொன்னது. வ. கௌதமன் இயக்கினார், வீரப்பனாக கராத்தே ராஜா நடித்தார். குற்றக் குடும்பம் ஒன்றின் கதையைத் தமிழ்த் தொலைக்காட்சி நீண்ட தொடராக எடுத்துச் சொன்ன அரிய முயற்சிகளுள் இது ஒன்று. வீரப்பன் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்தோடு இத்தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் குற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் யார் என்ற கேள்வியை வீரப்பனின் வீட்டைத் தாண்டி மலைக்கிராமங்கள் வரை கொண்டுபோனதே இத்தொடரின் வரலாற்று முக்கியத்துவம். அதன் பலமும் குறையும் அந்த ஓர் இடத்திலேயே இருக்கின்றன.

களம்

உதகைக்கும் குன்னூருக்கும் வருகிறவர்கள் பார்ப்பது தேயிலைச் சரிவுகளும் குளிர்ந்த சோலைகளும்தான். நீலகிரியின் வடபுறம் வேறு உலகம். பீடபூமி அங்கே செங்குத்தாக இறங்கி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் முடிகிறது. மசினகுடியும் முதுமலையும் தெங்குமரஹாடாவும் அந்த அடிவாரத்து வறண்ட காட்டைச் சேர்ந்தவை. தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டத்து ஊர்தான். ஆனாலும் அங்கு போக பவானிசாகர் பக்கமாக வந்து மாயாற்றைக் கடக்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் சத்தியமங்கலம், தலமலைக் காடுகள், மேற்கே பந்திப்பூர், வடக்கே மாதேஸ்வரன் மலை. யானைக்கு இங்கே மாநில எல்லை கிடையாது. யானையைத் தேடி வந்தவர்களுக்கும் அது இருந்ததில்லை. ஒரு மாநிலத்துக் காவலர் துரத்தினால் அடுத்த மாநிலத்துக் காட்டுக்குள் மறைந்துவிடலாம் என்பதே வீரப்பன் குழு நீண்ட காலம் பிடிபடாமல் இருந்ததற்கு முதற்காரணம். 1997இல் காட்டுயிர்ப் படக்கலைஞர்களான கிருபாகரையும் சேனானியையும் அக்குழு கடத்திப் பதினான்கு நாள் வைத்திருந்தது, முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் பகுதியில்தான்.

குழுவின் கட்டுமானம் உறவுமுறையால் ஆனது. கர்நாடக ஊரான கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பனோடு அண்ணன் மாதையனும் தம்பி அர்ஜுனனும் இருந்தார்கள். முதலில் யானைத் தந்தம். 1980களின் பிற்பாதியில் தந்த வணிகத்துக்கு இந்தியாவிலும் உலக அளவிலும் தடை இறுகியபோது சந்தனமரம் முதன்மைச் சரக்காயிற்று. மாதையன் 1987இல் கைதாகி, வனச்சரகர் சிதம்பரம் கொலைவழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2022இல் கைதியாகவே சேலத்தில் இறந்தார். அர்ஜுனன் 1990களின் நடுவில் கர்நாடகக் காவலில் இறந்தார். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முன்னோடிகள்

வீரப்பன் உயிரோடு காட்டில் இருந்தபோதே திரை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆர்.கே. செல்வமணி இயக்கி 1991 ஏப்ரலில் வெளிவந்த ‘கேப்டன் பிரபாகரன்’, வீரபத்ரன் என்ற பெயரில் மன்சூர் அலிகானைக் கடத்தல்காரனாக நிறுத்தியது. எதிரே விஜயகாந்த் வன அதிகாரி. அந்தப் படத்தின் வாய்ப்பாடு எளிது: ஒரு தீயவன், ஒரு நேர்மையாளன், நடுவே கதறும் ஊர்.

அதே ஆண்டு நவம்பர் 10 அன்று நடந்த சம்பவம் அந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காது. வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் கோபிநத்தத்திலேயே தங்கி, ஊருக்கு மருத்துவ வசதி செய்து கொடுத்து, மாரியம்மன் கோயில் கட்ட உதவி, மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர். அர்ஜுனன் அவரிடம் சரணடைந்திருந்தார். வீரப்பனும் சரணடையத் தயார் என்று வந்த சேதியை நம்பி, ஆயுதமின்றி, அர்ஜுனனின் வழியாகவே அவர் காட்டுக்குள் சென்றார். வீரப்பன் அவரைச் சுட்டுக்கொன்று தலையையும் வெட்டி எடுத்தார். அரசு பின்னர் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கியது. துப்பாக்கிக்கு முன்பே அவரை வீழ்த்தியது ஒரு குடும்ப உறவின்மீது அவர் வைத்த நம்பிக்கை.

உலகத் தொலைக்காட்சியில் இதற்கு இணை வைக்கத்தக்க அத்தியாயம், அமெரிக்காவில் எச்பிஓ 1999 பிப்ரவரி 7 அன்று ஒளிபரப்பிய ‘தி சொப்ரானோஸ்’ தொடரின் ஐந்தாம் அத்தியாயமான ‘காலேஜ்’. கல்லூரி பார்க்க மகளை அழைத்துச் செல்லும் வழியில், தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்த பழைய ஆளைக் கண்டு, தன் கையாலேயே கழுத்தை நெரிக்கிறான் நாயகன். பார்வையாளர்களின் பரிவு போய்விடும் என்று நிறுவனம் தயங்கியது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது. தகப்பனும் கொலைகாரனும் ஒரே ஆள் என்பதை மறைக்காமல் காட்டியதே அதன் சாதனை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வீடு உண்டு, அதற்கு மதில் உண்டு. வெளியே இருப்பவர்கள் யார் என்பதில் குழப்பம் இல்லை. மாதேஸ்வரன் மலையிலும் சத்தியமங்கலத்திலும் அந்த மதில் இடிந்து கிடந்தது. அரிசி பருப்பு கொடுத்தவன் கூட்டாளி என்று காவல்துறை பிடித்தது. கொடுக்க மறுத்தவனை உளவாளி என்று வீரப்பன் குழு கொன்றது. ஊரே வீரப்பனின் குடும்பமாகக் கணக்கு வைக்கப்பட்டது.

தொடரும் வழக்கும்

சந்தனக்காடு கையிலெடுத்தது இந்தக் கணக்கைத்தான். வீரப்பனைப் பிடிக்கத் தமிழ்நாடும் கர்நாடகமும் அமைத்த கூட்டு அதிரடிப்படையின் விசாரணைக்கு ஆளான கிராமத்து ஆண் பெண்களின் பாட்டை அது கதையின் ஓரத்தில் வைக்காமல் நடுவுக்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கூடத்தில் ஓடும் தொடர் என்ற வடிவம் அதற்குக் கைகொடுத்தது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு நாயகனும் வில்லனும் போதும். மாதக்கணக்கில் ஓடும் கதைக்கு ஊரும் உறவும் வேண்டும்.

தொடர் வருமுன்பே வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி நீதிமன்றம் சென்றார். வழக்கு 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தன் அந்தரங்க வாழ்க்கையைத் தன் ஒப்புதலின்றிக் காட்டலாமா என்பது அவர் கேள்வி. இதற்கு அடித்தளம் இட்டது மற்றொரு தமிழகக் குற்றவாளியின் வழக்கு: ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது குறித்து 1994இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. பொது ஆவணங்களில் உள்ளதை ஒப்புதலின்றி வெளியிடலாம். அதற்கு அப்பால் போனால் தனியுரிமை குறுக்கிடும் என்றது அது. முத்துலட்சுமியின் கேள்வி நியாயமானது. குற்றவாளியின் மனைவி என்பதாலேயே ஒரு பெண்ணின் வாழ்க்கை பொதுச் சொத்தாகிவிடாது. அவரைக் காட்ட உரிமை கோரும் படைப்பு, அவரையும் தனக்கென நினைவும் அச்சமும் கொண்ட மனிதராகக் காட்டக் கடமைப்பட்டது.

எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு, இத்தகைய தொடர் கொலைகாரனைத் தலைவனாக்குகிறது என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வீரப்பன் மீதான கொலைக் குற்றச்சாட்டுகள் நூற்றைத் தாண்டியவை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் மட்டும் 22 பேர் இறந்தார்கள். காவலர்களோடு, அவர்களுக்கு உதவியாகப் போனவர்களும் அதில் அடக்கம். ஆனால் பெருமைப்படுத்தல் என்பது யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் இல்லை, யாரை விட்டுவிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஸ்ரீநிவாஸின் நம்பிக்கையையும் அவர் முடிவையும் உள்ளபடி காட்டும் கதையில் வீரப்பன் தானாகவே தலைவன் ஆகிவிட முடியாது.

இரண்டாவது, தொடரை ஒளிபரப்பிய அலைவரிசை பாட்டாளி மக்கள் கட்சி சார்ந்தது. ஆகவே அதிரடிப்படை பற்றிய சித்திரம் அரசியல் சாய்வு கொண்டது என்பது. சாய்வு இருந்திருக்கலாம்; சித்திரத்தின் சாரம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழு பாதிக்கப்பட்டவர்களை நேரில் விசாரித்தது. மாதேஸ்வரன் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று அழைக்கப்பட்ட முகாமில் மின்சாரம் பாய்ச்சப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். 2007 ஜனவரியில் ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. சந்தனக் கடத்தலைத் தேடுவதாக 1992 ஜூனில் வாச்சாத்தி கிராமத்தில் புகுந்து மக்களைத் துன்புறுத்திய வன, காவல், வருவாய்த் துறையினர் 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இவை எந்தக் கட்சியின் கற்பனையும் அல்ல.

மூன்றாவது, ஆவணத்தொடர்கள் வந்தபின் நாடகம் எதற்கு என்பது. 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் செல்வமணி செல்வராஜின் ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ வந்தது; டிசம்பரில் ஜீ5இல் நக்கீரன் இதழாசிரியர் கோபாலின் நேர்காணல் பதிவுகளைக் கொண்ட ‘கூச முனிசாமி வீரப்பன்’ வந்தது. முத்துலட்சுமி தம் குரலிலேயே பேச இடம் கிடைத்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் சாட்சியம் என்பது பிழைத்தவர்கள் பின்னர் சொல்வது. இரவில் கதவைத் தட்டுகிறவனுக்கு அரிசி கொடுப்பதா என்று ஒரு குடும்பம் தவிக்கும் அந்தக் கணத்தை, முடிவு தெரியாத நிலையிலேயே காட்ட நாடகத்தால்தான் முடியும்.

மதிப்பீடு

குற்றக் குடும்பக் கதையில் தமிழ்த் தொலைக்காட்சி இட்ட புதிய தடம் இது. குடும்பம் என்ற வட்டத்தை ஊர்வரை விரித்தது. அவ்வளவில் அது உண்மையின் பக்கம் நின்றது. இன்னும் விரிய இடமுண்டு. கொல்லப்பட்ட வனக்காவலர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. இரு தரப்புக்கும் நடுவே நசுங்கிய சோளகர் பழங்குடியினருக்குத் தனிக் கதை உண்டு. இக்காடுகளைக் களமாக்கி இனி எழுதப்படும் எந்தத் தொடரும், வீரப்பனின் மனைவிக்கும் வனக்காவலரின் மனைவிக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குகிறதா என்பதைக் கொண்டே அளக்கப்பட வேண்டும்.