திண்டுக்கல் வெயில்... கொடைக்கானல் குளிர்... உங்க கிண்டில் ஸ்க்ரீன் தாங்குமா?

சித்திரை மாசம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நின்னா வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியா மலையேறி கொடைக்கானல்ல இறங்கினா, பையில ஸ்வெட்டரைத் தேடணும். இத்தனைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். திண்டுக்கல் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்குப்படி, ஒரே பயணத்தில் கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம்!

இந்த வித்தியாசத்தை உங்க போன் பெருசா கண்டுக்காது. ஆனா, அதே பையில இருக்குற கிண்டில், கோபோ மாதிரியான இ-ரீடர் கண்டுக்கும். பக்கம் திருப்பினா பழைய எழுத்து நிழலா நிக்கும், கறுப்பு சாம்பலா மாறும், அடுத்த பக்கம் வர நேரமாகும். உடனே, `பத்தாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்கினது போச்சே'னு பதற வேண்டாம். பல நேரங்கள்ல அது ரிப்பேரே இல்லை.

உள்ளே மிதக்கும் மை

எலெக்ட்ரானிக் பேப்பர் திரைக்குள்ள தலைமுடி அகலத்துக்கு நுண்ணிய உருண்டைகள் லட்சக்கணக்கில் இருக்கு. ஒவ்வொன்றிலும் தெளிவான எண்ணெய் போன்ற திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கும். மின்அழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். அதுதான் நாம படிக்கிற எழுத்து.

அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில் உருவான இந்த நுட்பத்துக்காக 1997-ல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004-ல் சோனியின் லிப்ரியே, 2007-ல் அமேசானின் கிண்டில் வந்தன. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழ்ப் புத்தகங்களும் விற்பனைக்கு வந்தன.

துகள்கள் ஒருமுறை இடம் மாறிட்டா, கரன்ட் இல்லாமலே அங்கேயே நிக்கும். அதனால, திரையில் ஏற்கெனவே இருக்குற பக்கத்தைக் குளிர் அழிக்காது. பக்கம் திருப்பும்போதுதான் பிரச்னையே.

குளிரில் என்ன ஆகுது?

கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தா என்ன ஆகும்னு தெரியும்தானே? திரைக்குள் இருக்கும் திரவம் அப்படி உறைஞ்சிடாது. ஆனா, கெட்டியாகும். துகள்கள் மெதுவா நீந்தும். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராத துகள்கள்தான் பழைய எழுத்தின் நிழலா தெரியுது. இதுக்குப் பேர் `கோஸ்ட்டிங்'.

இதைச் சமாளிக்க ரீடருக்குள் ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கும். `இத்தனை டிகிரின்னா இவ்வளவு நேரம் மின்அழுத்தம் கொடு' என்ற அட்டவணையும் இருக்கும். குளிர்னா அதிக நேரம், சூடுன்னா குறைந்த நேரம். அதனால குளிரில் பக்கம் மெதுவா திரும்புறது, ரீடர் தன் வேலையைச் சரியா செய்யுதுங்கறதுக்கான அடையாளம்.

வெயிலில் என்ன ஆகுது?

சூட்டில் திரவம் இளகி, துகள்கள் வேகமா ஓடும். அட்டவணையில் இருக்கும் எல்லையைத் தாண்டிட்டா கறுப்பும் வெள்ளையும் துல்லியமா பிரியாது. கிண்டிலைப் பயன்படுத்த அமேசான் சொல்லும் அளவு 0 முதல் 35 டிகிரி, சும்மா வைத்திருக்க அதிகபட்சம் 45 டிகிரி. நம்ம ஊர் மே மாதம் முதல் எல்லையைச் சாதாரணமா தாண்டும். வெயிலில் நிறுத்தின பைக்கின் சீட்டுக்கு அடியிலோ, மூடிய காருக்குள்ளோ வெச்சா ரெண்டாவதும் காலி. அங்கே திரையைவிட முதல்ல அடிவாங்குறது பேட்டரி.

நேரடி வெயிலில் இன்னொரு விஷயமும் உண்டு. சில மாடல்களில் கடும் ஒளி திரைக்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்களில் பட்டு மின்கசிவை ஏற்படுத்தும். அந்த நேரத்தில் பக்கம் திருப்பினால் எழுத்து வெளிறிடும். நிழலுக்கு வந்து மறுபடி திருப்பினா சரியாகிடும்.

தமிழுக்குத் தனிக் கவலை

ஆங்கிலத்தைவிட தமிழில் மங்கல் அதிகம் உறுத்தும். ஒரு புள்ளிதான் `க'வையும் `க்'கையும் பிரிக்குது. அது நிழலோட கலந்துட்டா வார்த்தையே மாறிடும். போட்டித் தேர்வுக்கு ரீடரில் நோட்ஸ் படிக்கிறவங்களுக்கு இது விளையாட்டு இல்லை.

இதையெல்லாம் செய்யுங்க

* செட்டிங்ஸில் `ரீடிங் ஆப்ஷன்ஸ்' போய் `பேஜ் ரெஃப்ரெஷ்' ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை ஒருமுறை கறுத்து, துகள்கள் முழுசா இடம் மாறும். மாடலுக்கு ஏற்ப இந்த இடம் மாறலாம். பேட்டரி கொஞ்சம் கூடுதலா செலவாகும்.
* மலையில் எழுத்தளவை ஒரு படி கூட்டுங்க. தடிமனை மாற்ற முடிஞ்சா அதையும் கூட்டுங்க.
* குளிரில் ரீடரை வெளிப் பாக்கெட்டில் வைக்காம, துணிகளுக்கு நடுவில் வையுங்க.
* ரொம்ப சூடாகவோ, ரொம்ப ஜில்லுனோ இருந்தா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்க.
* ஏ.சி-யில் குளிர்ந்த ரீடரை ஈரக் காற்றுக்கு எடுத்துட்டுப் போனா பனித்துளி படியலாம். கவருக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுட்டு எடுங்க.
* சீக்கிரம் சூடாக்க ஹேர் டிரையர், சீக்கிரம் குளிர ஃப்ரீஸர்... ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

எப்போ சர்வீஸுக்குப் போகணும்?

அறைக்குள் அரைமணி நேரம் வெச்சு, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. தெளிவாகிட்டா அது வெப்பநிலை செய்த வேலை. அதுக்குப் பிறகும் ஒரே இடத்தில் கோடு நின்னாலோ, திரையின் ஒரு பகுதி மட்டும் பழைய படத்திலேயே உறைஞ்சிருந்தாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடி உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். நெரிசல் பஸ்ஸில் பை நசுங்கினாலே இது நடக்கும். அதை எந்த செட்டிங்ஸும் சரிசெய்யாது, திரையைத்தான் மாத்தணும். அதனால அடுத்தமுறை மலையேறும்போது ஸ்வெட்டரோட சேர்த்து ரீடருக்கு ஒரு கெட்டியான கவரையும் எடுத்து வெச்சிக்கோங்க!