ஆர். கே. சேகர்

ஆர். கே. சேகர் (ஜூன் 21, 1933 - செப்டம்பர் 30, 1976) தமிழகத்தைச் சேர்ந்த திரைப்பட இசையமைப்பாளரும் இசை நடத்துநரும் ஆவார். இவர் பெரும்பாலும் மலையாளத் திரைப்படங்களில் பணியாற்றினார். பிற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு இசைக்கோர்ப்புச் செய்ததே இவரது பணியில் பெரும்பகுதி. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் இவரது மகன்.

இசை நடத்துநர் பணி

1960களிலும் 1970களிலும் மலையாளத் திரைப்படப் பாடல்களில் பெரும்பாலானவை சென்னையில் பதிவாயின. கடற்கரை - தாம்பரம் புறநகர்த் தொடருந்துத் தடத்தில் உள்ள கோடம்பாக்கமும் அதன் சுற்றுப்புறமும் தென்னிந்தியத் திரைத்துறையின் மையமாக இருந்தன.

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை அமைத்துக் கொடுப்பார். வயலின், புல்லாங்குழல், தாளக்கருவிகள் முதலியவை எங்கு, எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வதும், அவற்றுக்கான இசைக்குறிப்புகளை எழுதுவதும், ஒலிப்பதிவின்போது குழுவை வழிநடத்துவதும் இசை நடத்துநரின் பொறுப்பு. அக்காலத்தில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒன்றாகவே பாடலைப் பதிவு செய்தனர். ஒருவர் தவறினாலும் பாடலை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும் இசைத்தட்டுகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோரின் பெயர்களே பொதுவாக இடம்பெற்றன.

எம். கே. அர்ஜுனன் இசையமைத்த பாடல்கள் பலவற்றுக்குச் சேகர் இசைக்கோர்ப்புச் செய்தார். மின்னணு இசைக்கருவிகளிலும் இவர் ஆர்வம் காட்டினார்.

இசையமைப்பாளராக

குஞ்சாக்கோ இயக்கிய பழசி ராஜா (1964) இவர் இசையமைத்த முதல் திரைப்படம். வயலார் ராமவர்மா எழுதி, கே. ஜே. யேசுதாஸ் பாடிய இப்படப் பாடல் ஒன்று பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டில் ஆயிஷா படத்துக்கும் இசையமைத்தார். எனினும் இவ்வெற்றி தொடர் வாய்ப்புகளைத் தரவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் பிறரின் பாடல்களுக்கே உழைத்தார்.

1971இல் அனாத சில்பங்ஙள் படத்தின் மூலம் மீண்டும் இசையமைப்பாளரானார். யோகமுள்ளவள் (1971), ஆறடிமண்ணின்றெ ஜன்மி (1972), பெண்பட (1975) ஆகியவை இவரது பிற படங்களுள் சில. இருபதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கு இவர் இசையமைத்துள்ளார்.

மறைவும் குடும்பமும்

உடல்நலக் குறைவால் 1976ஆம் ஆண்டு தம் 43ஆம் அகவையில் சேகர் காலமானார். அப்போது திலீப்குமார் என்ற பெயருடன் இருந்த மகன் ரகுமானுக்கு வயது ஒன்பது. சேகர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவரது துணைவியார் கஸ்தூரி (பின்னாளில் கரீமா பேகம்) குடும்பத்தை நடத்தினார். அவற்றை விற்றுவிடுமாறு பிறர் கூறியபோதும் மகனுக்காக வைத்திருந்தார்.

தந்தையுடன் பணியாற்றிய எம். கே. அர்ஜுனனே, 1981இல் வெளிவந்த அடிமச்சங்ஙல என்ற மலையாளப் படத்தில் ரகுமானுக்கு விசைப்பலகை வாசிக்கும் வாய்ப்பளித்தார். சேகரின் மகள் ஏ. ஆர். ரைஹானாவும், ரைஹானாவின் மகன் ஜி. வி. பிரகாஷ் குமாரும் திரைப்பட இசையமைப்பாளர்கள் ஆவர்.